சம்பந்தியின் சுட்டுவிரலும் என் வில்லுக்கத்தியும்

வெள்ளவத்தை,
சனிக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய ஸ்ரீநிவாசன் அவர்களுக்கு,

‘அன்புள்ள சம்பந்தி’ என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அந்தச் சொல்லின் மேல் எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகையால் இப்போதைக்குப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். இங்கு நானும் பாலேஸ்வரியும் மகள் அபிராமியும் முருகன் கிருபையால் சுகம். அங்கு தங்கள் வலக்கைச் சுட்டுவிரல் நீங்கலாகத் தாங்களும், மாப்பிள்ளை தியாகுவும், தமக்கையார் சிட்டாள் அம்மாவும், வீட்டார் அனைவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

போன ஞாயிறு எங்கள் பிளாட்டில் நடந்த நிச்சயதார்த்தத்தில், என் கையால் செய்த கத்தி தங்கள் விரலை வெட்டிவிட்டதல்லவா, அன்றிலிருந்து வட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டபடியே இருக்கிறேன். எழுதி அனுப்பினேன். எழுத்தில் உருக்கம் போதாதென்று பேசியும் அனுப்பினேன். எல்லாவற்றிலும் மன்னிப்புத்தான். தாங்கள் பார்த்ததாக ஒன்றுக்காவது நீலச் சரி விழவில்லை. இனி என் முகத்திலேயே முழிப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போலும். நேரே வந்து காலில் விழுவோம் என்று புதன்கிழமை பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டியில் இறங்கி, தங்கள் ஒழுங்கை முனைவரைக்கும் வந்து, அங்கே ஒரு கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவ்வளவு வெட்கம். போன் எடுத்துப் பேசவும் பயம். ‘இந்தச் சம்பந்தம் வேணாம் சார்’ என்று தங்கள் வாயால் கேட்டுவிட்டால், அதை என் பிள்ளையிடம் எந்த வாயால் போய்ச் சொல்வேன்? ஆகவே நடந்ததை ஆதியோடந்தமாக எழுதுகிறேன். வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

தாங்கள் அறிவீர்கள், நான் காப்புறுதிக் கம்பனியில் விபத்துப் பகுதியில் இருந்தவன். மற்றவன் எப்படி விழுந்தான், எதில் மோதினான், அதில் அவன் பிழை எவ்வளவு என்று எழுதி எழுதியே ஓய்வுக்கு வந்தேன். வந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை. குசினிக்குள் போய் நின்று, பருப்புக்கு உப்புக் காணாது, கீரைக்குப் பால் கூடிப்போச்சு என்று சொல்லத் தொடங்கினேன். பாலேஸ்வரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள், “இஞ்சருங்கோ, உங்களுக்குக் கைவேலை ஒண்டும் தெரியாதோ?” என்று கேட்டாள். தெரியாது. அந்தக் கேள்வி சுட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து யூடியூப்பில் யாரோ ஒருவர் மடக்குக் கத்தி செய்வதைக் கண்டேன். நாங்கள் வில்லுக்கத்தி என்போமே, மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறது, அதுதான். வெட்டுகிற அலகு, பிடி, முதுகுப் பக்கத்தில் அலகை இறுக்கிப் பிடிக்கிற வில், எல்லாவற்றையும் கோக்க ஆணி. இதுகூடவா என்னால் முடியாது என்று நினைத்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அலகுக்கென்று பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய அரம் வாங்கினேன். பிடிக்குப் பலாமரம் நல்லதென்றார்கள். எங்கள் வீட்டில் பலா ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது. அது பாலேஸ்வரி ஏறி இருந்து தேங்காய் துருவுகிற திருவலைப் பலகை. ஓரத்தில் ஒரு துண்டுதான் அறுத்தேன். அதற்குப் பிறகு அதில் இருந்து துருவினால் ஆள் ஒருபக்கம் சரிந்துபோகும். சம்பல் இல்லாமல் நான் பாண் தின்ற கதையை இங்கே எழுதி என்ன பயன்? அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால்தான் உரம் ஏறுமாம். வீட்டில் இருந்ததோ நல்லெண்ணெய், அதுவும் எனக்கு ஏழரைச் சனி என்று கோயிலில் எள்ளுச் சட்டி எரிக்கப் பாலேஸ்வரி எடுத்து வைத்தது. அதற்குள் தோய்த்தேன். தனக்கு வைத்ததில் கைவைத்தவனைச் சனீஸ்வரன் சும்மா விடுவாரா? பிளாட் முழுக்கப் புகை. எதிர்வீட்டு நிலாம் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, “அங்கிள், என்ன எரியுது?” என்றார். “ஒண்டுமில்லைத் தம்பி, எண்ணெய்ச் சட்டி” என்றேன். “என்ன பொரிக்கிறீங்க?” என்றார். “அரம்” என்றேன். அவர் தண்ணீர் வாளியை எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஒருவழியாகக் கத்தி பிறந்தது. திறந்தால் சற்று இடப்பக்கமாகச் சாயும், மற்றபடி கத்திதான். கூர் தீட்டுவதை மட்டும் நான் விடவேயில்லை, கை மயிரை மழிக்கிற அளவுக்குத் தீட்டினேன். பிறகு எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டேன். “வடிவாத்தான் இருக்கு. இனி அந்தத் திருவலைக்கு ஒரு வழி பாருங்கோ” என்றாள் பாலேஸ்வரி. “ஸோ கியூட், அப்பா” என்றாள் அபிராமி. கத்தியைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? நிலாம் தூரத்தில் நின்றபடியே “நல்லம் அங்கிள், நல்லம்” என்றார். உள்ளதை உள்ளபடி சொல்ல ஒருவருமில்லை. ஆகவே உலகத்துக் கத்தி செய்கிறவர்கள் கூடுகிற ஒரு பேஸ்புக் குழுவில் வீடியோ எடுத்துப் போட்டு, முதல் கத்தி, தயவுசெய்து குறை சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்டேன். ஒருவர்தான் பதில் எழுதினார். எந்த நாட்டவரோ தெரியாது, தன் முகத்துக்குப் பதில் ஒரு நாயின் படம் வைத்திருந்தார். கூர் நன்றாகத் தெரிகிறது, ஆனால் ‘வோக் அண்ட் டோக்’ போதாது, இன்னொருவர் கையில் கொடுக்குமுன் அதைக் கவனி என்று எழுதியிருந்தார்.

வோக் என்றால் நடை. டோக் என்றால் பேச்சு. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? அந்த வீடியோவில் என் வண்டி வயிறும் கொஞ்சம் விழுந்திருந்தது. இந்த மனுசன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான், வெளியே போய் நடந்து, மனிதரோடு கதைத்தால் கையும் புத்தியும் நிதானப்படும் என்று அக்கறையாகச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். பாலேஸ்வரிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. “ஆரெண்டாலும் அந்தாள் நல்லாயிருக்கோணும். நான் சொன்னாக் கேக்காதனீங்கள், அந்த நாய் சொன்னாலாவது கேளுங்கோ” என்றாள்.

கத்தியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அன்று பின்னேரமே புறப்பட்டேன். மெரின் டிரைவ் வழியே பம்பலப்பிட்டிவரை நடை, வழியில் அகப்பட்டவரோடெல்லாம் பேச்சு. பலர் ஓட்டமெடுத்தார்கள். ஓடாமல் இருந்தவர் தாங்கள் ஒருவர்தான். சீமெந்துக் கட்டின் மேல் அமர்ந்து கச்சான் கடலை தின்றுகொண்டிருந்த தாங்கள், “உக்காருங்க சார், ரயில் போனப்புறம் காத்து நல்லா வரும்” என்று இடம் விட்டீர்கள். அன்று தொடங்கிய கதை சாமான் விலை, முழங்கால் நோ, பிள்ளைகள் என்று போய்ப் போய், கடைசியில் சாதகப் பொருத்தத்தில் வந்து நின்றது. நாங்கள் யாழ்ப்பாணம், தாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து புறக்கோட்டையில் கடை வைத்த குடும்பம், இது சரிவருமா என்று இரண்டு வீட்டிலும் முணுமுணுத்தவர்களைத் தாங்கள் சிரித்தே வாயடைத்தீர்கள். மகளுக்கு நல்ல இடம் அமைந்ததைவிட, இந்த வயதில் எனக்கொரு சிநேகிதர் கிடைத்தார் என்பதில்தான் நான் கூடுதலாகச் சந்தோஷப்பட்டேன். இதைப் பாலேஸ்வரிக்குச் சொல்ல வேண்டாம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. நிச்சயதார்த்தத்தன்று அந்தக் கத்தியைத் தங்களுக்குத் தருவதென்று முடிவு செய்தேன். “நல்ல காரியத்துக்குள்ளை இரும்பைக் கொண்டு வராதேங்கோ. கத்தியைக் கையிலை குடுத்தா உறவு வெட்டுப்படும்” என்று பாலேஸ்வரி தலையால் அடித்துக்கொண்டாள். நான் கையிலா கொடுத்தேன்? சாத்திரம் தெரிந்தவனாகத் தாம்பாளத்தில் வெற்றிலைக்கு மேல் வைத்துத்தான் நீட்டினேன். தாங்களும் பெருந்தன்மையாக, “அட, நீங்களே செஞ்சதா சார்! அப்ப இன்னைக்குப் பழம் வெட்டறது இதுலதான்” என்று சபையைப் பார்த்துச் சொல்லி, தட்டில் இருந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் ஒரு குத்துக் குத்தினீர்கள். நுனி கொட்டையில் முட்டியது. வில் விட்டுக்கொடுத்தது. அலகு தன்பாட்டில் மடிந்தது, நடுவில் தங்கள் விரல். “நல்ல காரியத்துல ரத்தமா!” என்று சிட்டாள் அம்மா போட்ட சத்தத்தில் வந்திருந்தவர்கள் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். பாலேஸ்வரி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னாள்: “பேர் ஞானசம்பந்தம். ஞானம் எண்டைக்கோ போட்டுது. இண்டைக்குச் சம்பந்தமும் போச்சு.”

இதைவிடப் பெரிய வெட்கக்கேடு, தையல் போடத் தங்களைக் கூட்டிப்போன கிளினிக்கில் நடந்தது. தாங்கள் அதைக் கண்டுவிட்டீர்கள் என்பதால்தான் இந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. டொக்டர் பஸீஹா காயத்தைக் கழுவிப் பார்த்துவிட்டு, “எவ்வளவு கிளீனா வெட்டீக்கி! தையல் போட லேசு, தழும்பும் தெரியாது. என்ன கத்தி இது?” என்று கேட்டார். தாங்கள் வலியில் கண்ணை இறுக மூடியிருந்தீர்கள். நான் தங்கள் இடக்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். “என்ரை. நான் செய்தது” என்றேன். சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலிச் சிரிப்பல்ல ஐயா, பெருமைச் சிரிப்பு. அந்தக் கத்தியைப் பற்றி என் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொன்ன முதல் ஆள் அவர். அந்த நேரம் பார்த்துத் தாங்கள் கண்ணைத் திறந்தீர்கள். சிநேகிதரின் இரத்தம் என் வேட்டியில் வழிய, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தக் காட்சி நினைவுக்கு வரும்போதெல்லாம் இருந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுந்து வீட்டுக்குள் சுற்றுகிறேன். சீ, நானும் ஒரு மனுசனா?

திங்கட்கிழமை அந்த நாய்ப் படக்காரருக்கு நடந்ததை எழுதி, ‘நீங்கள் சொன்னபடியே நடந்தேனே, கதைத்தேனே, பிறகும் ஏன் இப்படி?’ என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். வோக் என்பது அலகு திறந்து மூடும்போது இழுபடாமல் போகிற நடையாம். டோக் என்பது திறந்து முடியும்போது வில் ‘டக்’ என்று பிடிக்கிற சத்தமாம். வில் தளர்ந்தால் சத்தம் வராது, கத்தி மடிந்து விரலை வெட்டும், அதைத்தான் அப்போதே சொன்னேன் என்றார். நடக்க வேண்டியது கத்தி, பேச வேண்டியதும் கத்தி. அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நான் நடந்தேன், நான் பேசினேன். சரியாக விளங்கியிருந்தால் வீட்டில் இருந்து வில்லைத் திருத்தியிருப்பேன், தங்கள் விரலும் தப்பியிருக்கும். ஆனால் தங்களைச் சந்தித்திருக்க மாட்டேன். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விபத்துப் பகுதிக்காரனாகச் சொல்கிறேன், பிழை முழுவதும் என்னுடையது. மாம்பழத்தின் மேலும் தங்கள் மேலும் எள்ளளவும் பிழையில்லை.

கோபம் இருந்தால் என்னோடு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பிரித்துவிடாதீர்கள். அபிராமி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, போனும் கையுமாக அறைக்குள்ளேயே இருக்கிறாள். கல்யாணத்துக்கு நான் வரக்கூடாதென்றால் மண்டபத்து வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கத்தி தங்கள் சட்டைப் பையில்தான் வந்தது, எடுத்துக் கடலில் எறிந்துவிடுங்கள். அரம், ஆணி, மிச்ச எண்ணெய் எல்லாவற்றையும் நிலாமிடம் ஒப்படைத்துவிட்டேன். கதவைப் பாதி திறந்துதான் வாங்கினார்.

கதிர்காமக் கந்தன் துணையால் தங்கள் விரல் வெகு விரைவில் ஆறி, முன்போல வளைந்து நிமிர்ந்து, அதே விரலை நீட்டித் தாங்கள் என்னை ஏசுகிற நல்ல நாளும் வர வேண்டுமென்று வேண்டி, வீட்டிலுள்ள சிறியவர்களுக்கு ஆசியும் சிட்டாள் அம்மாவுக்கு வணக்கமும் கூறி,

தலை நிமிராமல் முடிக்கும்,
க. ஞானசம்பந்தம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் அபிராமி வந்து, “ஆருக்கப்பா கடிதம்?” என்று கேட்டாள். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “மாமாவின்ரை போன் அந்த விரலை வச்சாத்தான் திறக்கும் அப்பா! பூட்டு நம்பரை மறந்திட்டாராம். கட்டு அவிழ்க்கும் மட்டும் ஒரு மெசேச்சும் பாக்கேலாது. அவருக்கு ஒரு கோவமும் இல்லை. நீங்கள் ஒருக்காக்கூடக் கோல் எடுத்துச் சுகம் விசாரிக்கேல்லையெண்டு அவருக்குத்தான் கவலை. நானும் தியாகுவும் போனிலை கூறைச் சேலைக்குக் கலர் பாக்கிறம்” என்றாள். ஏன் இதை முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் கேக்கேல்லையே” என்கிறாள்.

ஆகவே, அன்புள்ள சம்பந்தி, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். ஒரு சின்ன விஷயம் மட்டும். அனுப்பிய எல்லாவற்றிலும் மன்னிப்புத்தான் என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை பேசி அனுப்பியது அப்படியல்ல. நீலச் சரி விழாத ஆத்திரத்தில் வார்த்தை சற்றுத் தடித்துவிட்டது. கறுத்தக்கொழும்பானைக் குத்தி வெட்டுகிறவனுக்குப் பெண் கொடுக்கிறவன் மடையன் என்றும், சிட்டாள் அம்மாவின் குரலைப் பற்றியும், கொஞ்சம் நீளமாகவே பேசியிருக்கிறேன். அதை அழித்துத் தா என்று அபிராமியிடம் போனை நீட்டினேன். காலம் கடந்துவிட்டதாம், இனி தங்கள் போனில்தான் அழிக்க முடியுமாம். கேட்காமல் அழித்துவிடுங்கள். அதற்கு மனசு வரும்வரைக்கும் கட்டை அவிழ்க்க வேண்டாம். விரல் வெகு விரைவில் ஆற வேண்டுமென்று கதிர்காமக் கந்தனிடம் கேட்டேன் அல்லவா, அந்த வேண்டுதலை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அவசரமில்லை, ஆறுதலாகவே ஆறட்டும்.