கொம்புள்ள பெயர்கள்

வேலையில்லாதவர்களை அகர வரிசைப்படி அடுக்கிவிட்டால் பாதி வேலை கிடைத்த மாதிரி என்று அரசாங்கம் கருதியது. மீதிப் பாதியை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த உயரிய நோக்கத்துடன் 1998-ல் பாளையங்கோட்டையில் 'மாவட்ட மனிதவளப் பகுப்பாய்வு நிலையம்' திறக்கப்பட்டது. ஒரு கம்ப்யூட்டர், அதற்கு வேர்க்காமலிருக்க ஒரு ஏ.சி., இரண்டுக்கும் காவலாக ஞானசம்பந்தன் என்ற அதிகாரி. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக்கூடாது. திரைக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். உள்ளே வருகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதை நிலையம் கட்டாயமாக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

சேரன்மகாதேவி செண்பகவல்லி ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் பதிந்துவைத்தபோது அவளுக்குக் கல்யாணமாகவில்லை. இப்போது அவள் மகளே பத்தாவது படிக்கிறாள். பதிவு மூப்பு நத்தையாய் ஊர்ந்து ஒருவழியாக அவளிடம் வந்திருந்தது. ஆனி பிறந்தால் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இந்தத் தடவை டீச்சர் வேலை கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் எந்தத் தடவையும் இல்லை.

நிலையத்தின் வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் அவளுக்குப் பின்னால் பதிந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவள் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஞானசம்பந்தன் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறையும் கீழிருந்து மேலே ஒருமுறையும் பார்த்தார். "உங்க பேரு எந்த எழுத்துல தொடங்குது?"

"செ."

"அப்படி ஒரு எழுத்துல இங்கன யாருமே தொடங்கலையேம்மா."

"தொடங்கி நாப்பது வருஷமாகப் போகுது ஸார்."

"எல்லாரும் ஒழுங்கா வரிசையில வந்திருக்காங்க. உங்களுக்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

"ஆமா ஸார், கொம்புதான்," என்றான் சுந்தர்ராமன்.

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுத ஒப்பந்தத்தில் வந்திருந்தவன் அவன். விஷயத்தை விளக்கினான். 'செ' என்று எழுதும்போது நாம் முதலில் ஒற்றைக்கொம்பைப் போட்டு, பிறகு 'ச' போடுகிறோம். கம்ப்யூட்டரிலும் அப்படியே தட்டியிருக்கிறார்கள். அதற்குத் தமிழ் தெரியாது. முதலில் எது கண்ணில் படுகிறதோ அதுதான் முதல் எழுத்து. கொம்பு என்ற எழுத்து அகர வரிசையில் எங்கே வரும் என்று யாரும் சொல்லித் தராததால், கொம்பில் தொடங்கும் பெயர்களையெல்லாம் தனியாக ஒரு குவியலில் போட்டிருக்கிறது. செண்பகவல்லி, வேலாயுதம், கோமதி, கொம்பையா எல்லாரும் அதற்குள்தான் கிடக்கிறார்கள். எடுத்து உரிய இடத்தில் வைக்க அரைமணி நேரம் போதும்.

"அப்ப கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிட்டுங்கிய?" என்றார் ஞானசம்பந்தன்.

"தப்புன்னு இல்ல ஸார். எழுதின விதம் அப்படி."

ஞானசம்பந்தன் யோசித்தார். கம்ப்யூட்டர் சென்னையிலிருந்து முத்திரையோடு வந்தது. அதில் தப்பு இருக்க வழியில்லை. நிரல் மேலிடத்தில் ஒப்புதல் பெற்றது. அதிலும் இருக்க வழியில்லை. மிச்சமிருப்பது தமிழ் மட்டும்தான். அதற்கு யாரும் ஒப்புதல் தந்ததாகக் கோப்பு இல்லை. ஆகவே தமிழில்தான் தப்பு என்று தீர்மானித்து, அதைக் கடிதத்தில் சொன்னால் மொழிப்பற்றாளர்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயந்து, சென்னைக்குப் பொதுவாக எழுதினார். 'கொம்புள்ள இனங்கள் தனியே பிரிந்துள்ளன. இவற்றின் மீது தக்க மேல்நடவடிக்கை வேண்டிப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.'

அலுவலகத் தமிழில் எதுவும் இனம்தான். நாற்காலி ஓர் இனம். நிலுவை ஓர் இனம். சென்னையில் இருந்தவர் மாட்டைப் பார்த்து வளர்ந்தவர் போலிருக்கிறது. கொம்புள்ள இனங்கள் என்றதும் கோப்பைக் கால்நடைத் துறைக்குத் தள்ளிவிட்டார்.

அடுத்த மாதம் ஐஸ் பெட்டியும் மாடுகளின் காதில் குத்துகிற தகடுகளுமாகக் கால்நடை மருத்துவர் தாஜ் முகம்மது நிலையத்துக்கு வந்தார். தன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்க வந்த செண்பகவல்லியும் அங்கே இருந்தாள்.

"கோமாரி ஊசி போடச் சொல்லி உத்தரவு," என்றார் மருத்துவர். "இதுல பசுவா எருமையான்னு போடலை. முதல் பேரு கொம்பையா, பி.காம். எனக்குத் தெரிஞ்சு பி.காம். படிச்ச மாடு இந்த ஜில்லாவுல கிடையாது ஸார்."

"உத்தரவு வந்துட்டுல்லா? போடாம விட்டா நாளைக்குத் தணிக்கையில கேப்பான்."

"மனுசனுக்குப் போட முடியாது."

"போட வேண்டாம்வே. போட்டாச்சுன்னு எழுதிட்டுப் போம்."

மருத்துவர் எழுதிவிட்டுப் போனார். அந்த வருஷம் மாவட்டத்தில் படித்தவர்கள் ஒருவருக்கும் கோமாரி வரவில்லை. திட்டம் வெற்றி.

செண்பகவல்லி நகரவில்லை. சித்திரை முடியப்போகிறது என்று சொன்னாள். ஞானசம்பந்தனுக்கு இரக்கம் வந்தது. கம்ப்யூட்டரை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்றும், ஆனால் குடிமக்கள் தங்களை மாற்றிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை என்றும் எடுத்துச் சொன்னார். செண்பகவல்லி கொம்பை உதிர்த்துவிட்டுச் சண்பகவல்லி ஆகிவிட்டால் பட்டியலில் தானாக ஏறிவிடுவாள். வேலாயுதத்துக்கோ கோமதிக்கோ இந்தப் பாக்கியம் இல்லை. அவளுக்கு அர்த்தம்கூடக் கெடாது.

அவள் அன்றைக்கே விண்ணப்பித்தாள். அரசிதழில் வந்தது. பட்டியலில் சண்பகவல்லி ஏறினாள்.

செய்தி பரவியது. ஏற்கெனவே ஊரில் பேருக்கு ஓர் எழுத்தைக் கூட்டினால் யோகம், குறைத்தால் ராஜயோகம் என்று எண்கணிதம் நடந்துகொண்டிருந்த காலம். ஜங்ஷனில் அந்தத் தொழில் பார்த்த பூதத்தான், 'கொம்பு நீக்கித் தரப்படும்' என்று போர்டு மாற்றினார். வேலாயுதம் வலாயுதமானார். கோமதி காமதியானாள். கொம்பையா காம்பையா ஆகி, பி.காமை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீடுகளில் மாமன்மார் முதலில் கேட்ட கேள்வி, கொம்பு இல்லையே என்பதுதான்.

வைகாசியில் சென்னையிலிருந்து அடுத்த உத்தரவு வந்தது. கொம்புள்ள இனங்கள் பட்டியலிலிருந்து நீண்ட காலமாக விடுபட்டுள்ளமை அரசின் கனிவான கவனத்துக்கு வந்துள்ளது. எனவே இவ்வாண்டுக் காலியிடங்கள் அனைத்தும் கொம்புள்ளோருக்கே முதற்கண் வழங்கப்படும். இனம் கால்நடைத் துறையின் பொறுப்பில் இருப்பதால், கொம்புச் சான்றிதழைக் கால்நடை மருத்துவரே வழங்குவார்.

பூதத்தான் போர்டை மறுபடி மாற்றினார். மந்திரமூர்த்தி என்றொருவர் மெந்திரமூர்த்தி ஆனார். ஞானசம்பந்தன் தன் மகன் குமரகுருபரனைக் கொமரகுருபரன் ஆக்கினார். வீட்டில் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறோம் என்றும் சொன்னார். பிறந்ததிலிருந்து கொம்போடு இருந்த செண்பகவல்லி கொம்பில்லாமல் நின்றாள். அவளிடம் அவர் வருத்தத்தோடு சொன்னதாவது: அரசிதழ் ஒருமுறை மாற்றினால் மாற்றினதுதான், கொம்புச் சான்றிதழ் வாங்கி வந்தால் பார்க்கலாம்.

கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் வரிசை தெருமுனை தாண்டிப் போயிருந்தது. பட்டதாரிகள், முதுகலைப் பட்டதாரிகள், சிபாரிசோடு வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். சுகமில்லாத பசுவைப் பிடித்துவந்த ஒரு பெரியவர், ஆட்களைத் தாண்டி மாட்டை உள்ளே கொண்டுபோக வழியில்லாமல் திரும்பிப் போனார். முன்னால் யாராவது ஒருவர் நுழைந்துகொண்டே இருந்ததால் வரிசை பைய நகர்ந்தது. செண்பகவல்லி தினமும் வந்து நின்றாள். அவள் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆனி பிறந்து இரண்டு நாளாகியிருந்தது.

தாஜ் முகம்மது நிமிர்ந்து பார்த்தார். அவளை அவருக்கு நினைவிருந்தது. "உங்களுக்குப் பிறவிக் கொம்புல்லா? பரிசோதிக்கவே வேண்டாம். எழுதித் தந்திருதேன்."

"வேண்டாம் ஸார்," என்றாள். "முட்டத் தெரியாதவளுக்குக் கொம்பு எதுக்கு?"

பிறகு வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "இங்கன நிக்கிறதுல ஒண்ணும் முட்டாதுன்னு தெரிஞ்சுதான் கவர்மெண்டுக்காரன் கொம்பு குடுக்கான்."

அது எல்லார் காதிலும் விழுந்தது. யாரும் கோபப்படவில்லை. அவள் விலகியதும், அந்த இடத்தை நிரப்ப எல்லாரும் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்கள்.