முன்னாள் கேப்டன்

பந்து இரண்டாவது முறையாக மூக்கில் பட்டபோது, காப்பீட்டு அலுவலகத்தின் பிரிவு மேலாளர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் சார் பிடிக்கணும்," என்றாள் கூடைப்பந்துக் கோச். அவர் வயதில் பாதி இருப்பாள்.

"தானா மூடிக்குதும்மா."

"காலேஜ்ல என்ன விளையாடினீங்க?"

"கேரம். அதுலயும் ஸ்கோர்தான் எழுதினேன்."

விஷயம் இதுதான். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்த முதல் வாரமே அழுதுகொண்டு வந்து, இனிமேல் போகமாட்டேன் என்றாள். தேற்றுவதற்கு வேறெதுவும் வாய்க்கு வராமல், "நானும் இப்படித்தான்டா அழுதேன். அப்புறம் காலேஜ் டீமுக்கே கேப்டன் ஆகலையா?" என்று சொல்லிவைத்தார். அழுகை நின்றது. மறுநாள் சேதி பள்ளி முழுக்கப் பரவியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டி. அப்பாக்கள் அணியில் முதல் பெயரே இவருடையதுதான்.

அதனால்தான் இந்தத் தனிப் பயிற்சி. தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு மணி வரை, யாருக்கும் தெரியாமல்.

வீட்டில் பல் வலி, டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லியிருந்தார். நான்காம் நாள் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"தினம் போயும் சரியாகலைன்னா அவரு என்ன டாக்டர்? கிளம்புங்க, நானே வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

புது டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டி, "இதுவா? இதுவா?" என்றார். மனைவி பக்கத்திலேயே நின்றாள். தட்டிய டாக்டருக்கும் கை வலிக்குமே என்று ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டினார். நல்ல பல். லேசில் வரவில்லை.

மறுநாள் வாயில் பஞ்சோடு பயிற்சி. இந்த முறை விரல் வீங்கியது. ஆபீஸ் பீரோ கதவு நசுக்கிவிட்டது என்றார். மனைவி அவருடைய உயரதிகாரிக்கே போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். தச்சர் வந்தார். ஒரு மணி நேரம் பார்த்தும் கதவில் கோளாறு எதுவும் கண்டுபிடிக்க முடியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று கதவையே கழற்றிக்கொண்டு போனார். அலுவலகம் மொத்தமும் மேலாளரைத் திரும்பிப் பார்த்தது.

அன்று உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்தில்தான் மகள் அருகே உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை அப்பாவால வர முடியலைன்னா?"

"ஐயோ, வந்துடுப்பா. என்னை டீம்ல வச்சிருக்கிறதே கேப்டன் பொண்ணுன்னுதான்."

அவர் சரி என்று தலையாட்டினார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மற்ற நான்கு அப்பாக்களும் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நிஜமான ஆட்டக்காரர்கள் என்றே இவருக்குத் தோன்றியது. போதாக்குறைக்கு, விசிலோடு நடுவராக வந்து நின்றவள் அவருடைய கோச். நல்லவேளை, முன்பின் தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

முதல் பந்துக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. திறந்தபோது பிள்ளைகள் கூடையில் போட்டு முடித்திருந்தார்கள். இரண்டு அப்பாக்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டி விழுந்தார்கள். கடைசி நிமிடத்தில் எப்படியோ பந்து இவர் கையில் சிக்கியது. உயிரைக் கொடுத்து ஓடி, எம்பி வீசினார். சுத்தமாக உள்ளே இறங்கியது.

யாரும் கைதட்டவில்லை. அது அப்பாக்கள் அணி காக்க வேண்டிய கூடை.

நாற்பத்திரண்டுக்குப் பூஜ்யம். அதில் இரண்டு இவர் உபயம்.

குழாயடியில் மகளைத் தனியே நிறுத்தினார். தலை நிமிரவில்லை. "அப்பா கேப்டனும் இல்ல, ஒண்ணும் இல்லடா. நீ அழறதைப் பார்க்க முடியாம பொய் சொல்லிட்டேன்."

அவள் குழாயைத் திருகி மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப இன்னிக்கு நான் போட்ட மூணு பாஸ்கெட்டும், கேப்டன் பொண்ணுங்கிறதால இல்லாம, நானாவே போட்டதாப்பா?"

"நீயாவேதான்."

அவள் தோழிகளிடம் ஓடிவிட்டாள். அவருக்கு அதன் பிறகும் கூசியது. அப்பாக்கள் நின்ற பக்கம் திரும்பாமலே கோச்சிடம் போனார்.

"உங்க பேரையும் கெடுத்துட்டேம்மா. அந்த நாலு பேர் முகத்துல இனி எப்படி முழிப்பேன்?"

கோச் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

"அவங்க நாலு பேரும் இதையேதான் சார் சொல்லிட்டுப் போனாங்க. காலையில ரெண்டு முன்னாள் கேப்டன், சாயங்காலம் உங்களோட சேர்த்து மூணு. ஒரு வாரமா எனக்கு மூச்சு விட நேரமில்ல."