பொருத்தமும் நாற்பத்தொரு டிரான்ஸ்பார்மர்களும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை செத்துப்போன வால்வு ரேடியோக்கள் அத்தனைக்கும் ஒரே வாரிசு எங்கள் ‘பொருத்தம்’தான். எங்கள் தொழிற்சாலையின் எலெக்ட்ரீஷியன். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

1991இல் வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டர் வந்து, வால்வு ரேடியோக்கள் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. பொருத்தம் வழிமறிப்பார். இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டிய அளவில் உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மட்டும் கழற்றிக்கொண்டு, மிச்சத்தைக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

அப்படிச் சேர்ந்த நாற்பத்தொன்று என் ஸ்டோரின் மூன்றாம் அலமாரியில் குடியிருந்தன. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை: ‘வடக்குப்பட்டு வாத்தியார் வூடு’, ‘பிள்ளைப்பாக்கம் மிலிட்டிரிக்காரர்’. என் பொறுப்பில் ஒரு வாஷர்கூட இருப்பு அட்டை இல்லாமல் இருந்ததில்லை. இவற்றுக்கு மட்டும் கிடையாது. அந்தப் பக்கம் போனாலே எனக்குச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டதுபோல இருக்கும்.

“எதுக்குப்பா இதெல்லாம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வால்வு அஞ்சாயிரம் ஓம் கேக்கும் சார். ஸ்பீக்கரு வெறும் நாலு ஓம். பெரிய எடத்து மாப்ள, ஏழைப் பொண்ணு. நேரா கட்டிவெச்சா சத்தமே வராது. நடுவுல இவருதான் தரகரு. ஆனா எல்லாருக்கும் எல்லாத் தரகரும் ஒத்துவர மாட்டாரு. பொருத்தம் பாக்கணும்.”

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது மேனேஜர் அந்த அலமாரி முன் வந்து நின்றார். “பூஜைக்குள்ள இந்தக் குப்பை காயலான் கடைக்குப் போயிடணும்.”

அன்று பொருத்தம் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. வழக்கமாக மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ரசம் எங்கே என்று கேட்பவர்.

மறுநாள் கேன்டீன் ரேடியோகிராம் ஊமையானது. முதலாளியின் அப்பா வாங்கி வைத்தது. ஆண்டுதோறும் முதலாளி அதில் நாதஸ்வர இசைத்தட்டைப் போட்ட பிறகுதான் பூஜையே தொடங்கும். மேனேஜருக்கு வியர்த்தது. பொருத்தம் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தார். வால்வு நன்றாக இருந்தது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரில்தான் உள்சுருள் அறுந்திருந்தது.

“ஸ்டோர் சார், அந்தக் குப்பைய எடுத்தா” என்றார், மேனேஜரைப் பார்க்காமல்.

நாற்பத்தொன்றும் கேன்டீன் மேசையில் வரிசையாக அமர்ந்தன. தடித்த கம்பி ஸ்பீக்கர் பக்கம்; மெல்லிய கம்பி வால்வு பக்கம். பொருத்தம் ஒவ்வொன்றாகத் தடித்த பக்கத்தில் ஆறு வோல்ட் ஏசி கொடுத்து, மெல்லிய பக்கத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்தார். பதினேழு தரகர்கள் தேறவில்லை. பதினெட்டாவதன் மேல் மேனேஜரே குனிந்தார்.

“அந்தப் பக்கம் கை வெக்காத சார்!”

“ஆறு வோல்ட்டுய்யா. அது இன்னா பண்ணும்?” என்று மெல்லிய கம்பி இரண்டையும் பிடித்தார்.

நாற்காலி ஒரு பக்கம் போனது, மேனேஜர் மறுபக்கம் போனார்.

“இன்னா சார் நீ! இங்க ஆறு குடுத்தா அங்க எரநூத்திப் பதினாறு!” மீட்டரைப் பார்த்துக் கத்திய பொருத்தம் சட்டென்று நின்றார். “முப்பத்தாறு மடங்கு… முப்பத்தாற முப்பத்தாறால பெருக்கு, அத்த நாலால பெருக்கு… அஞ்சாயிரத்து நூத்திச் சொச்சம் ஓம்! வால்வு கேக்கறது இதான்! சார், நீ புடிச்ச ஆளுதான் தரகரு!”

தரையில் உட்கார்ந்தபடியே மேனேஜர், “அப்ப மாட்டுய்யா” என்றார்.

பூஜையன்று பிள்ளைப்பாக்கம் மிலிட்டிரிக்காரரின் டிரான்ஸ்பார்மர் வழியாக நாதஸ்வரம் தொழிற்சாலை வாசல் வரை கேட்டது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு, “அப்பா இருந்தப்ப கேட்ட மாதிரியே கீது” என்றார். யார் சரிசெய்தது என்று அவர் கேட்பதற்குள் நாங்கள் எண்பது பேரும் ஒரே திசையில் கை காட்டினோம்.

மேனேஜர் என் பக்கம் சாய்ந்தார். “மிச்சம் இருக்கறது அங்கயே இருக்கட்டும். ஆனா பூட்டி வைங்க.”

அன்று மாலையே ஓர் இருப்பு அட்டை எழுதினேன். பொருள்: அவுட்புட் டிரான்ஸ்பார்மர். இருப்பு: நாற்பது. குறிப்பு: பொருத்தத்தைக் கேட்காமல் யாருக்கும் வழங்கக் கூடாது.

இத்தனை வருட ஸ்டோர் வேலையில், நான் எழுதியதை இரண்டடி தள்ளி நின்று அழகு பார்த்த அட்டை அது ஒன்றுதான்.