காக்கிப் பையில் போன பன்

"பிலோமி, நீ திருவிழா மலர்ல ஒரு ஆளப் பத்தி எழுதினியே, அந்த ஆளுக்கு எத்தினி வெரலு?"

வியாழக்கிழமை காலை, கடையில் கூட்டம் நெரிகிற நேரம் பார்த்து, புருஷன் சாவியோ காதோரம் குனிந்து இப்படிக் கேட்டான். டீ ஆற்றிக்கொண்டிருந்த பிலோமி, ஆறு என்றாள். இடது கையில்.

"அப்ப மோசம் பூட்ச்சு," என்று சொல்லிவிட்டு சாவியோ ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தான்.

விஷயம் இதுதான். மாதா கோயில் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று உபதேசியார் நச்சரித்ததால், பிலோமி ராயபுரத்தில் தன் அப்பா இக்னேஷியஸ் நடத்திய, இப்போது அவளே நடத்துகிற இந்த டீக்கடையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அம்மா பின்கட்டில் மீன் கட்லெட் உருட்டியது, பத்து வயசில் தான் முக்காலி போட்டு ஏறி நின்று கிளாஸ் கழுவியது எல்லாம் எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது, கடைசியில் ஒரு ஆளைப் பற்றியும் எழுதிவிட்டாள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆள். தினமும் மூலை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பான். எழுந்து போகும்போது தட்டில் இருக்கிற ஒரு பன் அவனுடைய காக்கிப் பைக்குள் போய்விடும். எடுக்கிற கையில் ஆறு விரல். ஒருநாள் சின்னப் பிலோமி கத்தப் போனபோது அப்பா அவள் வாயைப் பொத்தினார். "நீ பாக்கல. நானும் பாக்கல," என்றார். மறுநாளிலிருந்து தட்டின் ஓரத்துப் பன்னில் மட்டும் வெண்ணெயும் ஜாமும் தடவி வைத்தார். அந்தக் காக்கிப் பை அன்று முதல் பிசுபிசுவென்றுதான் இருந்தது.

ஆளின் பெயர் பிலோமிக்குத் தெரியாது. அதனால் பெயரை எழுதவில்லை, விரலை எழுதினாள்.

இப்போது வினை எங்கே வந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமை மகள் ஆன்சியின் கல்யாணத்தைப் பேசி முடிக்க எர்ணாவூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஆன்சி நாலு இடத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஐந்தாவதாக வந்த ஜெரியைத்தான் பிடித்திருக்கிறது என்று வாய் திறந்து சொல்லியிருந்தாள். பெண் பார்க்க ஜெரியும் அவன் அம்மா ரோசியும் மட்டும் வந்தார்கள். அப்பா ராயப்பனை யாரும் பார்த்ததில்லை. நேற்று சாவியோ அவர்கள் வீட்டுக்குப் போனபோது ராயப்பன்தான் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்.

"மொத தபா எண்ணும்போது நம்பல. ரெண்டாவது தபாவும் ஆறுதான் வந்துச்சு," என்றான் சாவியோ. "அந்தக் காலத்துல ஆர்பர்லதான் மூட்ட தூக்கினாராம்."

பிலோமி அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். ராயப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை. எர்ணாவூர் கோயிலில் அவர் வைத்ததுதான் சட்டம். மூத்த மகனுக்குப் பார்த்த சம்பந்தத்தை, கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக முறித்துக்கொண்டு வந்தவர். ஒரு எழுத்துக்கே அப்படி என்றால், ஒன்றரைப் பக்கத்துக்கு என்ன செய்வார்?

மலரையே ஊரில் இல்லாமல் செய்துவிடலாம் என்று பிலோமி கோயிலுக்கு ஓடினாள். விற்காமல் கிடந்த அறுபது பிரதிகள் உபதேசியார் அறையில் கட்டிக் கிடந்ததை அவளே பார்த்திருக்கிறாள். போய்ப் பார்த்தால் அறை துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"நேத்து ஒருத்தர் வந்து அல்லாத்தையும் வாங்கினு பூட்டாரும்மா," என்றார் உபதேசியார். "எர்ணாவூர்க்காரராம்."

முகம் எப்படி இருந்தது என்று பிலோமி கேட்டாள். சிரிப்பே இல்லை என்றார். அவள் எழுதிய பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்தாராம். அப்புறம் மூக்கை உறிஞ்சினாராம்.

கொளுத்துவதற்குத்தான் வாங்கிப் போயிருக்கிறார் என்று பிலோமிக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அறுபதைக் கொளுத்தலாம், ஏற்கெனவே வீடு வீடாகப் போனதை என்ன செய்வது? அங்கேயே உட்கார்ந்து ஒரு யோசனை பண்ணினாள். யோசனை பண்ணாமல் இருந்திருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் உபதேசியார் மைக்கில் வாசித்தார்: "திருவிழா மலரில் பன் எடுத்தவருக்கு ஆறு விரல் என்று வந்திருப்பது தவறு. ஐந்து விரல் என்று திருத்தி வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அதுவரை அந்த ஒன்றரைப் பக்கத்தை அக்கறையாக யாரும் படித்திருக்கவில்லை. அன்று ராத்திரி ராயபுரமே படித்தது. ஆறு விரல் என்றால் ஒரே ஒரு ஆள். ஐந்து விரல் என்றால் ஊரில் பாக்கி இருக்கிற அத்தனை பேரும்.

சனிக்கிழமை விடிந்ததும் கடை வாசலில் கூட்டம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் இரண்டு கைகளையும் அவள் மூஞ்சிக்கு நேராக விரித்து, என்னையா சொன்னே என்று கேட்டார். வலை பின்னுகிறவர் ஒருவர், தன் பேத்தி காலையில் தன்னிடமே வந்து நீதானா தாத்தா என்று கேட்டதாகச் சொல்லிக் கண் கலங்கினார். இன்னொருவர் யாரும் கேட்காமலேயே முன்னால் வந்து, தான் எடுத்தது பொறை பிஸ்கட், பன் இல்லை என்று சத்தியம் செய்தார். அந்தக் காலத்தில் இக்னேஷியஸ் கடையில் எதையாவது எடுக்காதவன் ராயபுரத்தில் யாருமே இல்லை போலிருந்தது.

பிலோமி டீ டபராவைக் கீழே வைத்தாள். "அந்த ஆளு உங்கள்ல யாரும் இல்ல. அவரு செத்து ரொம்ப வருசம் ஆச்சு," என்று சொல்லிவிட்டாள்.

கூட்டம் சட்டென்று அடங்கியது. செத்தவனைப் பற்றியா இத்தனை பேசினோம் என்று கார்டு பெரியவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, நேராகக் கோயிலுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்த ஆத்துமாவுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி ஒரு கருத்து எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் ரோசி போன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது. "அந்த அஞ்சு வெரலு சேதி காதுக்கு வந்ததுலேர்ந்து அவரு சரியா துண்ணல. நாளிக்கு உங்க கோயில்லதான் பூச பாப்பாராம். அப்பறம் வூடு வோணாமாம், கடையிலயே ஒக்காந்து பேசணும்னாரு."

ஊரைக் கூட்டி வைத்துத் தன் கையைக் கேலி பண்ணிவிட்டதாக நினைக்கிறார், முடிந்தது கதை என்று பிலோமி அழுதாள். ஆன்சி நாளைக்கு உடுத்துவதற்கு எடுத்து வைத்திருந்த பச்சைப் புடவையை மடித்துத் திரும்ப பீரோவில் வைத்தாள். அதைப் பார்த்தபோதுதான் பிலோமிக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது.

ஞாயிறு காலை, ராயப்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெட்டை ஆள். சாமியார் அன்றைய கருத்துகளை வாசித்தார். "இக்னேஷியஸ் கடையில் பன் எடுத்து மரித்துப்போன பெயர் தெரியாத சகோதரரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

ராயப்பன் தன் இடது கையைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். அப்புறம் மற்றவர்களோடு சேர்ந்து, ஆமென் என்றார்.

பூசை முடிந்து எர்ணாவூர் ஆட்டோக்காரன் ஜீஷானின் வண்டியில் கடைக்கு வந்து இறங்கினார்கள். ஜீஷான் வாசலிலேயே நின்றுகொண்டான். ரோசியும் ஜெரியும் நடு மேஜையில் உட்கார்ந்தார்கள். ராயப்பன் யாரும் காட்டாமலே மூலை பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, ஆறு விரலையும் மேஜைமேல் பரப்பி வைத்தார். ஒரு பன் கேட்டார். வெண்ணெய், ஜாம் தடவியது.

பிலோமி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஆன்சியை நினைத்துக்கொண்டாள். அவர் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, நான் எழுதினது அத்தினியும் கட்டுக்கத. அப்டி ஒரு ஆளே கெடயாது."

ராயப்பன் அவளை உற்றுப் பார்த்தார். "ஆளே கெடயாதா?"

"கெடயாதுண்ணே."

"ஓரத்துப் பன்னுல உங்கப்பா வெண்ண தடவி வெச்சாருன்னு எழுதினியேம்மா?"

"அதுவும் நானா எழுதினதுதான்."

"'நீ பாக்கல, நானும் பாக்கல'ன்னு சொன்னாரே. அது?"

அப்பாவின் கை வாசனை கூட இன்னும் பிலோமியின் வாய்மேல் இருக்கிறது. மாதா மன்னிக்கட்டும், மகள் வாழ்க்கை பெரிதா, செத்துப்போன மனுஷன் சொன்ன ஒரு வார்த்தை பெரிதா? "எங்கப்பா அப்டி ஒரு வார்த்த சொன்னதே இல்லண்ணே," என்றாள்.

மூன்றாவதையும் மறுதலித்தபோது, பைபிளில் வருவதுபோல் சேவல் கூவவில்லை, தெருவில் ஆட்டோ ஹாரன்தான் அடித்தது.

ராயப்பன் பன்னைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. பிழைத்தோம், சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று பிலோமி சாவியோவைப் பார்த்துத் தலையாட்டினாள். ரோசி மட்டும் ஏனோ தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போது ஜீஷான் தோளில் ஒரு பெரிய கட்டோடு உள்ளே வந்தான்.

"நைனா, 'அந்தப் பன்னு எடுத்த ஆளு நான்தான், இப்படிக்கு எம். ராயப்பன்'னு அறுவது புக்குலயும் கையெழுத்து போட்டு, கல்யாணப் பத்திரிகையோட சொந்தக்காரங்களுக்குக் குடுக்கணும்னியே, இத்த எங்க எறக்கறது?"