ரைட்டரின் விரல்கள் மடங்கிய நாள்

சேர்வராயன் மலையில் அவரைப்போல அடிக்கடி செத்தவர் வேறு யாரும் கிடையாது. தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர். எண்பதுகளில் நான் அங்கே குமாஸ்தா. விக்கல் எடுத்தால் போதும், "நான் போறனுங்க" என்று நாற்காலியில் சாய்ந்துவிடுவார். குளவி கொட்டினாலும் அதே அறிவிப்புதான். எஸ்டேட்டே அவரை 'போறேன் ரைட்டர்' என்றது.

கழுத்தில் தைராய்டு எலுமிச்சை அளவுக்கு வீங்கியபோதுதான் மெய்யான நோய் ஒன்று அவருக்கு வாய்த்தது. சேலத்துக்கு ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது சவப்பெட்டிக்கு மரம்கூடச் சொல்லிவிட்டுப் போனார். "சில்வர் ஓக் வேண்டாமுங்க, சீக்கிரம் உளுத்துரும்." ஒன்றும் ஆகவில்லை. கழுத்துக் கட்டோடு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பினார்.

மறுநாளே ஆபீசில் வந்து உட்கார்ந்துகொண்டார். "ஊட்டுல தனியா இருக்க பயமா இருக்குதுங்க. ஏனுங்க, உதட்டச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதே?"

"சீனி ஒட்டியிருக்கும், தொடச்சுக்குங்க" என்றான் ஜீப் டிரைவர் மணி. சிரித்தோம்.

சற்று நேரத்தில் அவர் வலக்கை விரல்கள், உப்பை எடுத்துத் தூவப் போகிறவர்போலக் குவிந்து நின்றன. பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இடக்கையும் மடங்கியது. தாடை இறுகியது. என்னையே பார்த்தார். 'போறேன்' என்று சொல்லவில்லை. உடனே மணியை ஜீப்பை எடுக்கச் சொன்னேன்.

ஜீப்பில் தூக்கிப் போட்டோம். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் மூச்சு விசிலடித்தது. மணி முனியப்பனையும் மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டான். "ரைட்டருங்க, போறேன்னாவது சொல்லுங்க!" என்று நான் கத்தினேன்.

சேலத்தில் டாக்டர் அவர் கையைப் பார்த்ததுமே கால்சியம் ஊசியை நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றினார். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"தைராய்டுக்குப் பின்னால அரிசியளவுல நாலு சுரப்பி இருக்கு" என்றார் டாக்டர். "ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா அதுங்க ஹார்மோன் அனுப்பும். உடனே எலும்பு தன் கையிருப்புல இருந்து கொடுக்கும். ஆபரேஷன்ல அதுங்களுக்கு அடிபட்டிருக்கு. உத்தரவு போகலை, எலும்பு கொடுக்கலை."

ரைட்டருக்குக் குரல் வந்துவிட்டது. "எலும்புல அத்தனை வெச்சுக்கிட்டா எனக்குத் தரலீங்க? நொம்ப அநியாயமுங்க!"

"மாத்திரை சாப்பிடுங்க, சுரப்பி தேறிக்கும்."

"தேறலீன்னா?"

"ஆயுசுக்கும் மாத்திரை."

"ஆயுசுக்கும்னா, எத்தன நாளைக்குங்க?"



சில நாள் கழித்து அவரை மலைக்கு அழைத்து வந்தோம். பாதி வழியில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். மூச்சு சீராக வருகிறதா என்று வளைவுக்கு வளைவு குனிந்து கேட்டுக்கொண்டே வந்தேன். தோள் மரத்துப்போயிற்று. எஸ்டேட் வரும்வரை நான் அசையவில்லை.