சேர்மனின் வாய் மூடாத நாள்

கத்தரிக்காய் பொறுக்கத் தெரியாதவர்களிடம் பெரிய பொறுப்பு எதையும் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள். தாம்பரத்தைச் சுற்றி ஏழெட்டுக் கல்லூரிகள் நடத்திய நிர்வாகத்துக்கு நான்தான் ஃபயர்வால் தேர்ந்தெடுக்க வேண்டும். (இணையத்தின் வாசலில் நின்று, வருகிற போகிற எல்லாவற்றையும் சோதிக்கும் பெட்டி அது.) வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம். ஆனால் மிதப்புக்குக் குறைவில்லை.

கடைசியில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. நீலப் பெட்டியின் விளம்பரத்தாளில் வேகம் பெரிய எண்ணாகப் போட்டிருந்தது. இர்ஃபான் என்ற விற்பனையாளர் கொண்டுவந்த சாம்பல் பெட்டியில் அதில் பாதிதான்.

"வைரஸ் ஸ்கேன் எல்லாம் ஆன்ல வெச்சா எவ்ளோ வேகம் வரும்னு அவங்களக் கேட்டீங்களா மேடம்?"

"எனக்குத் தெரியும் சார்" என்றேன். (தெரியாது.) டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டு நீலத்தை வாங்கினேன். எல்லாச் சோதனைகளையும் ஆன் செய்தேன்.

அடுத்த வாரம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம். தலைமை வளாகத்திலிருந்து சேர்மன் வீடியோவில் பேச, மற்ற வளாகங்கள் திரையில் பார்க்க ஏற்பாடு. நான் மாடம்பாக்கம் அரங்கில் முன்வரிசையில், புதுச் சுடிதாரில். சேர்மன் பேச வாயைத் திறந்தார். அப்படியே உறைந்தார். கண் பாதி மூடி, வாய் முழுதும் திறந்து, சுவரளவுக்கு.

பின்வரிசையில் ஒரு மாணவன் சொன்னான்: "மச்சான், இன்னாடா, சாரு கொட்டாவி வுட்டுகினே தூங்கிட்டாரா?"

தலைமை வளாகத்திலிருந்து என் மேலதிகாரி செல்வராஜ் சார் போன் செய்தார். "நசீமா, என்னம்மா ஆச்சு?"

"ஃபயர்வால் நல்லாப் பாதுகாக்குது சார்."

"யார்கிட்டேருந்தும்மா? சேர்மன்கிட்டேருந்தா?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வேறு வழியின்றி இர்ஃபானை அழைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "விளம்பரத்துல போட்ட அந்த நம்பர், ஸ்கேன் எதுவும் இல்லாதப்போ வர்ற வேகம் மேடம். இந்த மீட்டிங்குக்கு மட்டும் ஸ்கேன ஆஃப் பண்ணுங்க."

லேப்டாப்பைத் திறந்து ஆஃப் செய்தேன். படம் அசைந்தபோது சேர்மன் பேசி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அரங்கம் அதற்குக் கைதட்டியது.

ஒப்பந்தம் கையெழுத்தானதால் என் வேலை தப்பியது. நீலப் பெட்டி சின்ன வளாகம் ஒன்றுக்குப் போனது. சாம்பல் பெட்டியை, எல்லாவற்றையும் ஆன் செய்து சோதித்த பிறகே வாங்கினோம். அந்தச் சோதனைக்கு இர்ஃபான் தினமும் வந்தார். சோதனை முடிந்த பிறகும் வந்தார். இப்போது நாங்கள் செம்பாக்கத்தில் குடித்தனம்.

வீட்டு ஹாலில், எங்கள் கல்யாண விருந்தில் பிரியாணிக்காக நான் வாயைப் பிளந்த கணத்தில் எடுத்த படம் ஒன்றை அவர் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால், என் பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள்:

"அம்மாவுக்கு நெட் ஸ்லோ."