மீன் கொழுப்பு வைத்தியர்

கொழுப்பு என்றாலே அலறி ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொழுப்பையே மருந்தாக எழுதித் தருகிற ரகம் ஒன்று உண்டு, தெரியுமா? டாக்டருக்குப் படிக்காத இந்த டாக்டர்கள் தெருவுக்கு இருவராவது இருக்கிறார்கள். ஆராய்ச்சியில் முதல் பத்தியை மட்டும், அதுவும் கைப்பேசியில், அதுவும் யாரோ அனுப்பியதில் படித்திருப்பார்கள்.

கடலூர் முதுநகர் தேவசகாயம் இந்த ரகத்தில் முதல் தரம். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். மீனில் இயற்கையாக உள்ள கொழுப்பு ரத்தக் குழாயைத் தளர்த்தி, பிரஷரைக் கொஞ்சம் இறக்கும் என்று படித்தார். 'கொஞ்சம்' மட்டும் தெரியவில்லை. புரை விழுந்த கண். மே இரண்டாம் தேதி சிதம்பரத்தில் ஆபரேஷன். இருபதாம் தேதி மகள் சிந்தியாவுக்குக் கல்யாணம். அவளை மணக்கோலத்தில் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

ஆசை இருந்து என்ன? தினம் போடுகிற பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு மத்தி மீனில் இறங்கிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்பவர்களின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, மச்சான் லூர்துசாமிக்கு மூன்று மத்தி, பங்குத்தந்தைக்கு ஐந்து என்று அளவு சொல்வார். மனைவி பாத்திமா மேரி மாத்திரையை நீட்டினால், "இது கம்பெனிக்காரன் செஞ்சது, அது கடவுள் செஞ்சது" என்பார்.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கரையில் கிடந்தன. மத்தி கண்ணில் படுவதே அரிதானது. வைத்தியர் அசந்தாரா? கருவாட்டுக்கு மாறினார்.

"தண்ணிதான காஞ்சுது, கொழுப்பு எங்க போயிடும்?"

உப்பு எங்கே போகும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

சிதம்பரம் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷர் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. மிஷின் ரிப்பேர் என்றார் தேவசகாயம். வேறு மிஷின் வந்தது. இருநூறு. ஆபரேஷன் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது.

திரும்பும் பஸ்ஸில் சிந்தியா அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"பீடத்துகிட்ட நான் எந்தப் பக்கம் நிக்கிறேன்னு லூர்து மாமாகிட்ட கேட்டுக்கங்கப்பா" என்றாள்.

அவருக்கு ஆபரேஷனைக் காட்டிலும் பெரியதாக எதையோ தள்ளிப்போட்டுவிட்டது புரிந்தது. பக்கத்து சீட்டில் இருந்த மனைவியிடம் கையை நீட்டி மாத்திரையை வாங்கி, தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினார்.

பாவம் மனுஷன் என்று நீங்கள் உச்சுக் கொட்டுவது கேட்கிறது. கூடவே, 'கருவாட்டை இரண்டு தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்திருக்கலாமே' என்று ஒரு யோசனையும் ஓடியதா? ஓடியிருந்தால், தயவுசெய்து அதை யாருக்கும் சொல்லாமல், நேரே போய் முதலில் உங்கள் பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.